பாடிக் கறந்தவள்

பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்று வாய் கிழியச் சொல்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாட்டு மடியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலதிகாரியிடம் லீவு வாங்குவதற்கும், முரண்டு பிடிக்கும் மருமகனை வழிக்குக் கொண்டுவருவதற்கும் அந்தப் பழமொழியை எடுத்து விடுவார்கள். பாட்டுக்காரிக்கு அது பழமொழியே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அவள் செய்த வேலை அது.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருந்தது. அதைக் கூப்பிட ஆளில்லாமல் துருப்பிடித்துப் போயிற்று. அவர்கள் வீட்டுப் பால் கேன்களின் மேல் சிவப்புப் பெயிண்டில் 'பாட்டுக்காரி' என்றுதான் எழுதியிருந்தது. எழுதியவர் பால் வண்டிக்காரர். கேன் மாறிப் போகாமலிருக்க எழுதினேன், கேலிக்கு இல்லை என்று அவர் சொன்னார். கேலிக்கும் சேர்த்துத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவள் ஒரு தையல்காரரின் மகள். அப்பாவின் கடையில் பொத்தான் தைத்து வளர்ந்தவள். மாடு என்றால் வண்டியில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற பொருள். அப்படிப்பட்டவளை ஏழு கறவை மாடு நிற்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் நாள் மாமியார் அவள் கையில் பால் வாளியைக் கொடுத்து, ஓரத்தில் நின்ற கறுப்பு மாட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்த அம்மாள் நல்லவள்தான். ஆனால் நீந்தக் கற்றுக்கொடுப்பது என்றால் கிணற்றில் தள்ளிவிடுவது என்று நினைக்கிற ரகம்.

மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்த புதுப்பெண் எங்கே பிடிப்பதென்று தெரியாமல் பயந்து போனாள். கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவில் நின்று பழகியவள், பயம் வந்தால் பாட்டுத்தான் வரும். முழுசாக எல்லா அடியும் தெரிந்த ஒரே பாட்டு, கடவுளைத் துதிக்கிற பழைய பாட்டு, நிதானமான ராகம். ஒவ்வொரு அடியும் அவர் நல்லவர், அவர் நல்லவர் என்று போய் முடியும். அதை முணுமுணுத்துக்கொண்டே காம்பைப் பிடித்தாள். கறுப்பு மாடு திரும்பிப் பார்த்தது, பெரிய மூச்சாக ஒன்று விட்டது, பாலை இறக்கிவிட்டது. முதல் நாளே வாளி நிறைந்தது.

"மாட்டுக்கே பக்தி வந்துடுச்சு, என் பிள்ளைக்கு எப்ப வருமோ" என்றாளாம் மாமியார். அவள் பிள்ளை அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது கழற்றிக்கொண்டிருக்கிற ஆள். பக்தி அவருக்கும் வந்தது. பிரசங்கத்தால் வரவில்லை. கொட்டகையின் இந்தக் கோடியில் புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து வருகிற பாட்டைக் கேட்டுக் கேட்டு வந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு நாள் தானாகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, போகலாமா என்று வந்து நின்றார். அவ்வளவுதான் அவருடைய மனந்திரும்புதல். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, பேசுகிற மனுஷரும் இல்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம். கறுப்பு மாட்டின் கன்று, அந்தக் கன்றின் கன்று என்று தாய்ப் பாலோடு சேர்த்து அந்தப் பாட்டையும் குடித்தே வளர்ந்தன. கொட்டகைக்குள் பாட்டுச் சத்தம் எழுந்தால் ஏழு மாடும் அசை போடுவதை நிறுத்திக் காதைத் திருப்பும். பால் வண்டிக்காரர் வேண்டுமென்றே சீக்கிரம் வந்து, கேனின் மேல் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பார்.

பாட்டை விட்டால் அவளுக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. "வந்து பாருங்களேன்." இதுதான் அவள் வாயில் நாளைக்குப் பத்துத் தடவை வருகிற வார்த்தை. வேலிக்கம்பில் சிலந்தி வலை கட்டி அதில் பனி கோத்திருந்தால் வந்து பாருங்களேன். மழைக்கு மறுநாள் சாணக் குவியலின் ஓரத்தில் குடை பிடித்தாற்போல் காளான் வந்திருந்தால் வந்து பாருங்களேன். பிறந்த கன்று நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து எழுந்திருக்கப் பார்த்து விழுவதை நூறு தடவை பார்த்திருப்பாள், நூற்றோராவது தடவையும் கண்ணில் தண்ணீர் வரும். ஆண்டவருடைய கைவேலையைப் பாருங்கள் என்பாள். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துப் போகும். அந்த வீட்டில் சாப்பாடு தீயாத நாள் கடவுள் ஒன்றும் புதிதாகச் செய்யாத நாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள். அந்த அக்காவும் கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஒரே மகள். பேச்சு வந்த நாளிலிருந்து அதுவும் அதே பல்லவி. நாலு வயதில், தன் உருவத்தைப் போல இரண்டு மடங்கு சாண உருண்டையை வண்டு ஒன்று உருட்டிக்கொண்டு போவதைக் குனிந்து பார்த்து, அம்மா வந்து பாருங்க, இது எவ்வளவு நல்ல வண்டு என்று கத்திய பிள்ளை. வளர்ந்து, படித்து, பால் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பாலைச் சோதித்துக் கொழுப்புப் பார்க்கிற வேலை. அம்மா கறந்த பாலைச் சோதிக்கும்போது மட்டும் இன்னும் இரண்டு தடவை சோதிப்பாளாம், யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதென்று. சொல்லவும் இடமில்லை. முப்பது வருஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்த வீட்டுப் பாலில் சேர்ந்ததில்லை. பாட்டுக்காரிக்குப் பொய் வராது. பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அந்தப் பழக்கமே வைத்துக்கொள்ளவில்லை.

மகளுக்கு இருபத்துநாலு வயதில் அது நடந்தது. கறவை முடிந்த சாயங்காலம். மகள் குழாயடியில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரி மேய்ச்சல் நிலத்தின் எல்லைக்கு, ஒரு கன்று வெளியே போயிற்றா என்று பார்க்கப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். தூரத்தில் மலைப் பக்கம் மேகம் கருநீலமாகத் திரண்டு, மழை திரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வெயில் பாய்ந்து புல்வெளி முழுக்கப் பொன்னாகிக் கிடந்தது. இங்கே தலைக்கு மேல் துளி மேகமில்லை. இப்படி ஒன்றை அவள் ஆயுசில் பார்த்ததில்லை.

"ஓடிவா, ஓடிவா, வந்து பாரு" என்று கூப்பிட்டாள்.

"கையெல்லாம் ஈரம்மா, இதோ முடிச்சுட்டு வர்றேன்."

"அப்புறம் கழுவிக்கலாம்டி. இது நிக்காது, போயிடும்."

மகள் வந்தாள். வேலிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அம்மா, ஐயோ அம்மா என்றாள். அழகைப் பார்த்துச் சொன்ன ஐயோ அது. அவ்வளவு தூரத்து மேகத்திலிருந்து இவ்வளவு தூரத்துக்கு இடி வந்து விழும் என்று பிறகு மின்சார வாரியத்துக்காரர் விளக்கினார். வேலியின் எந்த மூலையில் விழுந்தாலும் மின்சாரம் கம்பி முழுக்க ஓடி வருமாம். நாலடி தள்ளி நின்ற தாய் கீழே விழுந்து எழுந்தாள். மகள் எழுந்திருக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நல்லவர்கள். நல்லவர்கள் வாயில்தான் இந்த மாதிரி நேரத்தில் கண்றாவியான பேச்செல்லாம் வரும். ஆண்டவருக்கு அவள் தேவைப்பட்டாள், அதனால் கூப்பிட்டுக்கொண்டார் என்றாள் சபையில் வயதான ஒருத்தி.

"அவர் எங்க கூப்பிட்டாரு? நான்ல கூப்பிட்டேன்" என்றாள் பாட்டுக்காரி. பிறகு, "எதுக்குத் தேவைப்பட்டா? அங்க பால்ல கொழுப்புப் பாக்க ஆள் இல்லையாமா?" என்றாள்.

அடக்கத்தின்போது பாடகர் குழு, அவளுக்குப் பிடித்த பாட்டாயிற்றே என்று அன்போடு அந்தப் பாட்டையே எடுத்தது. முதல் அடி முடிந்து அவர் நல்லவர் என்று வரவேண்டிய இடத்துக்கு முன்னால், நிறுத்துங்க என்று ஒரு குரல். அவள்தான். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். நிறுத்திவிட்டார்கள். அதோடு அவள் சபைக்குப் போகவில்லை. பாடவும் இல்லை. வீட்டுக்காரர் மட்டும் ஞாயிறு தவறாமல் சட்டை மாற்றிக்கொண்டு தனியாகப் போய் வந்தார். அவள் அவரைத் தடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் காலையிலிருந்தே கறவை நடந்தது. வீட்டில் யார் செத்தால் என்ன, மடி நிறைந்த மாடு காத்திருக்காது. அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கறந்தாள். மாடுகள் காதைத் திருப்பிக் காத்திருந்தன. பாட்டு வராததைக் கண்டு பாலை எக்கிக்கொண்டன. காம்பில் இருந்தது வந்தது, மேலே இருந்தது இறங்கவில்லை. அறுபது லிட்டர் வந்த இடத்தில் முதல் நாள் முப்பது. ஒரு வாரத்தில் இருபது. எட்டாம் நாள், கோணக்கொம்பி என்ற பெரிய மாட்டின் மடி கல்லாக இறுகிப் போயிற்று. தொட்டால் சூடு. காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். பால் தேங்கி மடிநோய் தொடங்குகிறது, மருந்து தருகிறேன், ஆனால் பால் வெளியே வராமல் மருந்து மட்டும் ஒன்றும் செய்யாது என்றார். மற்ற ஆறுக்கும் இதே கதிதான் என்றார். "தீவனம் மாத்தினீங்களா, ஆள் மாத்தினீங்களா, வீட்ல ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார். வெளியூர்க்காரர், பாவம், அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆமாம், கொஞ்சம் மாறியிருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் தானே பாடிப் பார்த்தார். அவர் பாடியதைப் பற்றி விவரமாகச் சொல்வது மரியாதையில்லை. கோணக்கொம்பி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை உதைத்துத் தள்ளியது என்பதோடு விட்டுவிடலாம். போனில் பாடகர் குழுவின் பாட்டைப் போட்டுப் பார்த்தார். மாடுகள் அசை போட்டுக்கொண்டே இருந்தன. பால் இறங்க ஊசி இருக்கிறது, போட்டுக் கறந்தால் தீர்ந்தது என்று யாரோ யோசனை சொன்னார்கள். மாட்டை ஏமாற்ற முடியாது என்றுவிட்டாள் பாட்டுக்காரி.

பாடவும் முடியாது. நல்லவர் என்று எந்த வாயால் சொல்வது? மற்றவர்களாயிருந்தால் மாட்டுக்குத்தானே என்று உதட்டளவில் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். பாலில் தண்ணீர் கலக்காதவளுக்கு அது ஆகவில்லை. அவள் கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருந்தார், நல்லவர் இல்லை. இதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் விடியற்காலை கோணக்கொம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டதும் மாடு நடுங்கிற்று. தன் பிடிவாதத்துக்கு இந்த வாயில்லாத ஜீவன் அவஸ்தைப்படுகிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. நெற்றியை அதன் விலாவில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தாள். முப்பது வருஷப் பழக்கம், ராகம் தானாக வந்தது. வார்த்தை வரவில்லை. வந்தது வேறு வார்த்தை.

"கை ஈரம்னு சொன்னாளே, நான் கேக்கல. நீர் கேட்டீரே, நீரும் விடல."

அதே ராகம், அதே நிதானம். கோணக்கொம்பி பெரிய மூச்சு விட்டது. விரல்களுக்கு நடுவே மடி இளகுவது தெரிந்தது. முதலில் கட்டிகட்டியாக வந்தது, பிறகு பாலாக வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"உம்ம வேலையப் பாருன்னு கூப்பிட்டேன். உம்ம வேலையக் காட்டிட்டீரே."

அன்றைக்கு ஏழு மாட்டையும் அப்படியே கறந்து முடித்தாள். கடவுளை அந்தக் கொட்டகையில் யாரும் அப்படித் திட்டியிருக்க மாட்டார்கள். கண்ணில்லாதவர் என்றாள், பிள்ளை பெற்று வளர்த்திருந்தால் தெரியும் என்றாள், தூரத்து மேகத்தில் ஒளிந்திருந்து கல்லெறிகிற பொறுக்கி என்றாள். எல்லாம் அந்தத் துதிப் பாட்டின் ராகத்தில், அடி பிசகாமல். மாடுகளுக்கு வார்த்தையா முக்கியம்? குரலும் ராகமும் சரியாக இருந்தது. நாற்பது லிட்டர் பால் வந்தது.

கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. ரோட்டில் போகிறவர்களுக்குச் சுவர் வழியாக ராகம் கேட்கும், வார்த்தை கேட்காது. பால் வண்டிக்காரர் கேனைத் தூக்க வந்தவர் ரோட்டிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய், வழியில் கண்ட எல்லோரிடமும் சொன்னார். பாட்டுக்காரி பாடுகிறாள். மறுபடியும் பாடுகிறாள். மதியத்துக்குள் சபையார் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போகிற போக்கில் யாராவது சுவரோரம் நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். உள்ளே அவள் படைத்தவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சபித்துக்கொண்டிருப்பாள். வெளியே ஒருத்தி, ஸ்தோத்திரம் என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வாள். கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவளுக்கு வரவில்லை.

ஊரார் நினைத்தால் நினைக்கட்டும். கேட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். அவளைக் கட்டிப்போட்டது வேறு. வசவு தொடங்கிய முதல் நாள் காலை கறவை முடிந்து வெளியே வந்தபோது, புல் வெட்டும் மெஷின் நின்றிருந்தது. அந்த மெஷினோடு முப்பது வருஷம் நின்றதில் வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கும் ராகம்தான் எட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. அடுப்படிக்குப் போய், ஆயுசில் முதல் தடவையாகத் தானே டீ போட்டு, பாதி வழியில் சிந்திக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். டீ கஷாயம் மாதிரி இருந்தது. அவள் முழுவதையும் குடித்தாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். மகள் போன பிறகு பாதி சாப்பாட்டில் எழுந்துவிடுகிறவர், தட்டைக் காலி செய்தார். ஒரு நாள் கன்று ஒன்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஏதோ முனகினார், அது பாட்டு மாதிரி இருந்தது. மனுஷருக்கு உயிர் திரும்பி வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பதும் புரிந்தது. அவருக்கு அந்த விசுவாசத்தைக் கொடுத்தவளே அவள்தான். மகளும் இல்லை, மனைவி பாடுவதும் வசவு என்று தெரிந்தால் இந்த மனுஷருக்கு என்ன மிஞ்சும்? எனக்குத்தான் போயிற்று, அவருக்காவது இருக்கட்டும் என்று நினைத்தாள். அவர் கொட்டகைக்குள் வருகிற காலடி கேட்டால் வார்த்தையை விழுங்கிவிட்டு வெறும் ராகத்தை முனகுவாள். அவர் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

இதற்கு நடுவில் உலகம் தன் பாட்டுக்கு அழகாக இருந்து தொலைத்தது. கொட்டகை உத்தரத்தில் குருவி ஒன்று கூடு கட்டியது. இளம் பசு ஒன்று ஈன்றது. கன்று நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து எழுந்தது, விழுந்தது. அவள் வாய் வந்து பாருங்களேன் என்று சொல்லப் போயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு, வைக்கோலை எடுத்துக் கன்றைத் துடைத்தாள். அந்தக் கன்று அழகாயிருந்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை.

நான்காவது வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், சூதுவாது தெரியாதவர். நானே தடுமாறிப் போயிருந்தேன், உங்கள் பாட்டைக் கேட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது என்றார். வருகிற ஞாயிறு சபையில் வந்து அந்தப் பாட்டைப் பாடி ஒரு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவள் காது சிவந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

"ஐயா, நான் பாடுறது..." என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் தெரியுமா? இப்பல்லாம் ஆராதனை முடிஞ்சும் எழுந்திரிக்காம உக்காந்திருக்கார்" என்றார் போதகர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் வருகிறேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை. போய் நின்று, அவ்வளவு பேர் முன்னால், நல்லவர் என்று பாடுவதா? மகளை மண்ணில் வைத்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டா? சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தாள். பாடிவிடுவது. ஆயுசில் ஒரு பொய். அந்த மனுஷருக்காக, அந்த ஒரு மனுஷருக்காக. பெட்டியிலிருந்து புடவையை எடுத்து வைத்ததை வீட்டுக்காரர் பார்த்தார். தன் செருப்புக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார்.

ஞாயிறு விடியற்காலை கோணக்கொம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். பழைய வார்த்தைகளையே எடுத்தாள். முதல் அடி வந்தது. முடிவில் அவர் என்று வந்தது, அதற்குமேல் வரவில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடி அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. அடித்தொண்டையிலிருந்து, ரோட்டுக்கும் கேட்டால் கேட்கட்டும் என்று பாடினாள். இத்தனை நாள் முணுமுணுத்ததையெல்லாம் கூரை அதிரப் பாடினாள். கை ஈரம்னு சொன்னாளே. கண்ணிருந்தும் குருடரே. எம் புள்ளையக் குடும், இல்லாட்டி இந்த வாயை எடுத்துக்கும்.

அன்றைக்குப் புல் முந்தின நாளே வெட்டியாகிவிட்டது, மெஷின் ஓடவில்லை என்பது அவளுக்கு ஞாபகமில்லை. தலையைத் திருப்பினால் வாசலில் வீட்டுக்காரர். நல்ல சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அவள் சட்டென்று நிறுத்தினாள். கோணக்கொம்பி உடனே பாலை எக்கிக்கொண்டது.

"நிறுத்தாத. மாடு எக்குது" என்றார்.

அவளுக்குப் பாட வரவில்லை. அவர் உள்ளே வந்து, சாணம் கிடந்ததைப் பார்க்காமல் மிதித்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். முதல் நாளிலிருந்து என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உங்களுக்காவது அது இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன், இன்றைக்கு வந்து பொய்யாவது பாடிவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள், இதைக் கேட்டுவிட்டு நீங்களும் விட்டுவிடாதீர்கள் என்றாள். சொல்லச் சொல்ல அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உனக்காகத்தான் போய்க்கிட்டிருந்தேன்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"நீ என்னிக்காவது திரும்பி வருவேன்னு நினைச்சேன். வர்றப்ப நம்ம இடம் அங்க இருக்கணும்ல. அதுக்குத்தான் போய் உக்காந்திருந்தேன்." செருப்பிலிருந்த சாணத்தை வைக்கோலால் துடைத்துக்கொண்டே, "ஜெபம்லாம் ஒண்ணும் பண்றதில்ல. சுவத்துல செங்கல் எண்ணுவேன். அவளை மண்ணுல வெச்சு மூடுனப்பவே எனக்குப் போயிடுச்சு" என்றார். பிறகு, "நீ பாடுனதும், சரி, உனக்காவது வந்துடுச்சேன்னு இருந்தது" என்றார்.

மாடு கால் மாற்றி நின்றது. வெளியே ரோட்டில் சபைக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"அப்ப இந்த வீட்ல யாருதான் நம்பிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்ல போல" என்றார்.

ஆராதனை மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாளே, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவர் ஒருவர் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் திட்டினாள். திட்டினால் கேட்பதற்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று திட்டினாள். இப்போது பார்த்தால் அந்தப் பக்கம் வெறிச்சென்றிருந்தது. கோபத்துக்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. மகள் செத்த அன்றைக்குக்கூட அவளுக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மணி நின்றது. கோணக்கொம்பி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. மடி நிறைந்திருந்தது, இன்னும் ஆறு மாடு பாக்கி. வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த மாட்டின் பக்கம் போய் உட்கார்ந்தார். அவள் காம்பைப் பிடித்து வாயைத் திறந்தாள். துதியும் வரவில்லை, வசவும் வரவில்லை. ராகம் மட்டும் வந்தது. பால் இறங்கியது.